முகம் தெரிந்த சாட்சி

தூத்துக்குடியில் அந்த வெள்ளைக்கார பேங்குக்குள் நுழைந்தபோது, வெயிலில் வெந்துபோன என் உள்ளங்கால்களுக்குத் தரையின் குளிர்ச்சி அவ்வளவு சுகமாக இருந்ததில், எதற்கு வந்தோம் என்பதையே கொஞ்சநேரம் மறந்து நின்றேன்.

பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மட்டுமே கதவு திறந்திருந்த அந்தச் சீமை பேங்க், சில்லறை ஜனங்களுக்கும் கணக்குத் தொடங்கியபோது, கீழக்கரையிலிருந்து கொழும்புத் தோணிகளில் போய்வந்துகொண்டிருந்த எங்கள் வாப்பாவும் சேர்ந்தார். "வட்டி ஹராம், போட்டது இருந்தாப் போதும்" என்றாராம். தம்பி காசிமுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் கோளாறு. அவனை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்றே சேர்த்த பணம் அது.

வாப்பா கொழும்பில் காய்ச்சல் கண்டு மவுத்தாகிவிட்டார். புருஷனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராத 'இத்தா' காலம் முழுதும் தம்பிக்கு இரைப்பு கூடிக்கொண்டே போனது. அது முடிந்த மறுநாளே அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உம்மா வெள்ளைத் 'துப்பட்டி'யைப் போர்த்திக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். வாப்பா பணத்தை வாங்கச் சாட்சி சொல்ல, அவரோடு ஒரே தோணியில் காலமெல்லாம் உழைத்த சீனி மாமா கூடவே வந்தார்.

"இவங்கதான் அவர் சம்சாரமா? முகத்தைப் பாத்துச் சொல்லும்" என்றார் பேங்க் ஆபீசர்.

உம்மா முகத்துணியை விலக்கினாள். மாமா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுக முகத்தை நான் பாத்ததே இல்ல சார். அவுக ஆக்குன சோத்தைத் தின்னிருக்கேன். திரைக்கு அங்கிட்டிருந்து பேசுற சத்தம் தெரியும். முகம் தெரியாது."

"நல்ல சாட்சியக் கூட்டியாந்தீங்கம்மா!" என்று யாரோ சிரித்தார்கள்.

"காக்கா, கூடப் பொறந்த அண்ணனா நெனச்சுக் கேக்குறேன், தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள் உம்மா.

"பொய்ச்சாட்சி சொல்லிட்டு அல்லாகிட்ட என்னம்மா பதில் சொல்லுவேன்?" மாமா தேம்பித் தேம்பி அழுதார்.

"எங்க உம்மாதான் சார் இது!" என்று நான் கத்தினேன்.

"சின்னப்புள்ள சாட்சி செல்லாது பாப்பா. கோர்ட்டுல காகிதம் வாங்கியாங்க" என்று ஆபீசர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உள்ளே கண்ணாடி அறையில் இருந்த துரை தலை நிமிரவேயில்லை.

கோர்ட்டுக் காகிதம் கிடைப்பதற்குள் காசிமை அடக்கம் செய்துவிட்டோம். ஊரே மாமாவை ஏசியபோது உம்மா மட்டும், "உள்ளதைச் சொன்னவுகளை என்னத்தச் சொல்லி ஏச?" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு மாமா வாசலில் வந்து நின்று சலாம் சொன்னால், திரைக்குப் பின்னாலிருந்து அவள் சத்தம் வரவேயில்லை.

இப்போது அந்த பேங்க் இருந்த கட்டடத்தில் வேறு பலகை தொங்குகிறது. மாமாவும் இல்லை. உம்மாவும் போன மாசம் போய்விட்டாள். காசிமுக்கு ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அவன் முகத்தைப் பார்த்தவளாக வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். கண்ணை மூடினால் எனக்கும் அவனுடைய இரைப்புச் சத்தம்தான் கேட்கிறது, முகம் வரமாட்டேன் என்கிறது.