தெருவையே ஓடவைத்த ஸ்பீக்கர்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆசைப்பட்டு வாங்கிய பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு வயர்களை நானே இணைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் ஒலியளவு முழுதாகக் கூட்டப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டேன். டமார்! சுவரே அதிர்ந்தது.

எங்கள் ஊரோ பட்டாசு ஆலைகள் சூழ்ந்த நாரணாபுரம். பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்று நினைத்துத் தெருவே ஓடியது. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் அங்கேதான் வேலை பார்க்கிறார். அழுதுகொண்டே ஓடிய அக்காவைத் துரத்திப் பிடித்தேன்.

"நில்லுங்கக்கா! அது எங்க வீட்டு ஸ்பீக்கர்!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் சிரித்தார். "ஏட்டி, படிச்ச புள்ள! பாட்டு போடுதேன்னு எங்க உசிர எடுத்துட்டியே!"

இப்போதெல்லாம் ஒலியளவை முழுதாகக் குறைத்த பிறகே சுவிட்சைத் தொடுகிறேன். அதற்கும் முன்னால் சன்னலில் நின்று, "அக்கா, பாட்டு போடப் போறேன்" என்பேன்.

"சத்தமா வையி, எங்களுக்கும் கேக்கட்டும்!" என்கிறார் அக்கா.