ஒட்டிக்கொள்ளாத நோய்

இந்த ஊரில் என் மகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், கிளினிக் நர்ஸ் என எல்லோருக்கும் அவள் ‘பபா’தான். பாப்பா என்பதைத்தான் சுருக்குகிறார்கள் என்று நினைத்து, “பேரு யாழினி” என்று நர்ஸைத் திருத்தினேன். “ஆ, யாழினி பபா” என்றார் அவர். சிங்களத்தில் கைக்குழந்தைக்கு அதுதான் சொல் என்று அண்ணி சிரித்துக்கொண்டே விளக்கினார்.

அண்ணி என் கணவரின் அக்கா. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காப்பகத்தில் வேலை. சிறுவயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. தென்காசியிலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த எனக்கு, பிரசவத்துக்குத் துணை நின்றது அவர்தான். எனக்குத் தெரிந்த போலியோ மருந்து, பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டு வாயில் விடும் சொட்டு. இங்கே சொட்டோடு, கையில் தோலுக்குள் சின்னதாக ஓர் ஊசியும் போட்டார்கள். கொசு கடித்ததுபோலத் தடித்தது.

வீட்டுக்கு வந்ததும் தென்காசிக்கு வீடியோவில் பேசினேன். குழந்தை அண்ணியின் மடியில் இருந்தாள். அந்தத் தடிப்பைக் காட்டச் சொன்ன அம்மா, மடி யாருடையது என்று பார்த்துவிட்டாள். “ஏட்டி, காலு அப்படி இருக்கவ மடியில பிள்ளைய எதுக்குப் போட்டிருக்க? ஒட்டிக்கிடப் போவுது.”

“அம்மா, ஸ்பீக்கர்ல இருக்கு” என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான். அண்ணிக்குக் கேட்டுவிடும் என்று எச்சரித்தேனே தவிர, ‘தப்பு’ என்று சொல்லவில்லை. அண்ணி குழந்தையை மெதுவாகத் தொட்டிலில் கிடத்தினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சிங்க, தங்கச்சி.” அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை.

அடுத்த ஊசிக்கு முன்னால் பிள்ளையோடு கலஹாவுக்குப் போனேன். அண்ணி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குழந்தையைத் தூக்கவில்லை. அம்மா பயத்தில் சொல்லிவிட்டதாக இழுத்தேன்.

“பயந்தா நாலும் சொல்லுவாங்க, சரிங்க. அந்தக் காய்ச்சல் எனக்கு எப்பவோ போயிருச்சி, கால் மட்டும்தான் மிச்சம்னு நீங்க சொல்லியிருக்கலாமே.”

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அது ஒட்டாது என்றேன். இந்தக் கால்தான் பிள்ளைக்கு ஊசி ஏன் வேண்டும் என்று எனக்குக் காட்டியது என்றேன். “போனை அவட்ட குடு” என்றாள் அம்மா. அண்ணி தலையசைத்தார். “இன்னிக்கி வேணாங்க.”

ஆனாலும் ஊசி நாளன்று கிளினிக்குக்கு வந்தார். தோலுக்குள் போடும் ஊசிக்குக் கை அசையக்கூடாது. நான் பிடிக்கப் பிடிக்க யாழினி கையை உருவிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அண்ணியைத் தாய் என்று நினைத்த புது நர்ஸ், “அம்மே, இறுக்கிப் பிடிங்க” என்றார். நான் திருத்தவில்லை. அண்ணி குழந்தையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அடுத்த மாதமாவது பேத்தியை ஊருக்குக் கொண்டுவா என்று அம்மா அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். தூங்கிப்போன குழந்தையின் தலை அண்ணியின் தோளிலும் கால்கள் என் மடியிலுமாகக் கிடந்தன. பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் அவள் ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை என் பக்கமும் சரிந்தாள். இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டோம்.