நிழலில் உலர்த்திய தக்கடி

தொண்ணூறாம் வருஷ வாக்கில் என் மகளைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். பஜ்ஜி, சொஜ்ஜியை எல்லா வீட்டிலும்தான் கொடுக்கிறார்கள். நான் தக்கடி செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வீட்டுப் பாயம்மா அரிசிமாவு உருண்டைகளைத் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, புதினாவும் கொத்தமல்லியும் கிள்ளிப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல காரியம் என்பதால் அவர் அதில் போடும் கறியை மட்டும் விட்டுவிட்டேன்.

என்னுடையது பீங்கான் பொம்மை செய்து பழகிய கை. சரியாக உலராத பொம்மை சூளையில் வெடித்துவிடும். உருண்டையும் அப்படித்தானே என்று காலையிலேயே பிடித்து, முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். மாலையில் கொதிக்கும் பாலில் போட்டபோது ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

வந்தவர்கள் சாற்றைச் சொட்டு விடாமல் குடித்தார்கள். உருண்டைகள் மட்டும் கிண்ணத்தில் கடகடவென்று உருண்டன. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"பொண்ணுக்கும் நீங்கதான் சமையல் சொல்லிக் குடுத்தீங்களா?"

சம்பந்தம் கைவிட்டுப் போகிறதே என்று அவசரமாகக் கிண்ணங்களை எடுக்கப் போனேன். அதற்குள் மகளே பதில் சொன்னாள்.

"இல்லீங்க அத்த. அம்மா என்னை அடுப்பாண்ட வுடவே மாட்டாங்க."

அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப தட்டு மாத்திக்கலாங்க" என்றார்.

சாறு நன்றாக இருந்தது என்று மட்டும் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.