முதல் முடி திருச்செந்தூருக்கு, தலை பாளையங்கோட்டைக்கு

திருச்செந்தூர் போய்வந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். காலையில் அங்கே முடி இறக்கிவிட்டு, மதியம் பாளையங்கோட்டையில் மண்டை ஆபரேஷனுக்குப் படுக்கை பிடிக்க ஓடிய கூத்தை நான்தான் எழுத வேண்டும். போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை.

என் தங்கச்சி மகளுக்கு அப்போது எட்டு மாதம். பிறக்கும்போதே தலை முன்னும் பின்னும் நீண்டு, உச்சியில் வரப்பு மாதிரி எலும்பு. எண்ணெய் போட்டு உருட்டினால் சரியாகும் என்று குளிப்பாட்ட வந்த அம்மாள் மாதக்கணக்கில் மாவு பிசைகிற மாதிரிப் பிசைந்தாள். மண்டை எலும்பு கருவிலேயே ஒட்டிக்கொண்டது, ஆபரேஷன் செய்து மூளை வளர இடம் விட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அதற்கப்புறம்தான். வியாழன் மதியம் இரண்டு மணிக்குள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். தலையில் சின்னக் கீறல் இருந்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றார்.

அங்கேதான் தங்கச்சி வீட்டுக்காரர் முத்துக்குமார் கால் ஊன்றினார். முதல் முடி முருகனுக்கு நேர்ந்ததாம், ஆஸ்பத்திரிக் கத்தி படக்கூடாதாம். டாக்டர் தேதி சொல்லி இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டு, சேர்க்கிற அன்றைக்கு நல்ல நாள் பார்த்திருக்கிறார். தாய்மாமன் மடியில்தான் முடி இறக்கணும் என்பதால் நானும் கிளம்பினேன். நான் ஆறாவதோடு நின்றவன். மாப்பிள்ளை டிகிரி.

சேரன்மகாதேவியில் 5.10 பஸ். 20 கிலோமீட்டரில் திருநெல்வேலி, மாறி ஏறினால் இன்னும் 60. எட்டு மணிக்குத் திருச்செந்தூர். முடி இறக்கக் கட்டணம் கிடையாது, வரிசை உண்டு. எங்கள் முறை வரும்போது 10.20. தங்கச்சி கடிகாரத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை போட்டோவுக்கு வெளிச்சம் பார்த்தார்.

முடி எடுக்கிறவர் பாப்பா தலையில் தண்ணீர் தடவினார். விரல் அந்த வரப்பில் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். கத்தியை மடக்கிவிட்டார்.

"பிள்ள தலைய ஆட்டுது. இந்த மேட்டுல கத்தி வழுக்குச்சுன்னா நான் என்ன செய்ய? மூணு கொத்து பூமுடி எடுத்துத் தாரேன், போதும்."

"முழுசா நேர்ந்துருக்கோம் அண்ணாச்சி," என்றார் மாப்பிள்ளை.

"ஏன் மாப்ள, முருகன் எடை போட்டா வாங்குதாரு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தங்கச்சிதான் பேசினாள். "பூமுடியே எடுங்க அண்ணாச்சி. கீறல் விழுந்தா எம்பிள்ளைக்கு அடுத்த தேதி எப்பன்னு யாரு சொல்லுவா?"

மூன்று கொத்து. அவ்வளவுதான்.

பதினொரு மணி பஸ், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பஞ்சராகி அரை மணி நேரம் நின்றது. நான் திட்டாத ஆள் கிடையாது. பாளையங்கோட்டையில் இறங்கி ஆட்டோ, 80 ரூபாய். ஆஸ்பத்திரி வாசலில் 1.50.

நர்ஸம்மா தலையைத் தடவித் தடவிப் பார்த்து, கீறல் இல்லை என்று எழுதினார். மெஷின் போட்டு முடி எடுக்கணும், யாராவது மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாப்பிள்ளை ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க மச்சான்."

விழுந்த முடியை அவரே துண்டில் ஏந்தினார்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. இப்போது பாப்பா காதுக்குக் காது வளைந்த தழும்போடு வீடெல்லாம் தவழ்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை தலை ஒரு மாதிரி இருந்தால் உருட்டாதீர்கள், முதல் மாதமே டாக்டரிடம் காட்டுங்கள். முடி இறக்கப் போனால் ஏழு மணிக்கு முன்னால் வரிசையில் நில்லுங்கள். ஆஸ்பத்திரி நாளில் மட்டும் போகாதீர்கள்.

துண்டில் கட்டிய முடி இன்னும் தங்கச்சி வீட்டு பீரோவில் இருக்கிறது. திருச்செந்தூரில் கொண்டுபோய்ச் செலுத்தணுமாம், மாப்பிள்ளை என்னையும் கூப்பிடுகிறார். என்றைக்கு என்றாலும் வருகிறேன், டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.