சாரதாவிடம் கொடுத்தால் பத்திரம்

பிளெய்ன்ஸ்பரோவில் அந்த அபார்ட்மெண்ட் வளாகத்தில் இருந்த தமிழர்கள் யாரும் சாரதாவைத் தைரியசாலி என்று சொன்னதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதற்காகப் பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்பவள். ஸ்மோக் அலாரம் கத்தினால் பாஸ்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு படியிறங்கிவிடுவாள். கணவன் ரஞ்சித்குமாரின் ஞாபகம் பார்க்கிங் லாட்டில் நிற்கும்போதுதான் வரும். பனி கொட்டுகிற நாட்களில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் இறங்கி அவன் வீடு வந்து சேரும்வரை பால்கனிக் கதவருகே நின்று நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பாள். ‘எங்க வீட்ல நெயில் கட்டர் வாங்கினதே இல்ல’ என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் அவள் இந்தியா கிளம்புகிறாள் என்று தெரிந்தால் போதும், வளாகமே ஆளுக்கொரு பொட்டலத்தோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒருவர் அப்பாவுக்கு மாத்திரை, இன்னொருவர் தங்கைக்கு ஹேண்ட்பேக். மற்றவர்களிடம் கொடுத்தனுப்பினால் ஏதாவது ஒன்று உடையும், ஒன்று தொலையும், ஒன்று கொண்டுபோனவரின் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடும். சாரதாவிடம் அப்படி நடந்ததே இல்லை. பயத்தில் விமானத்தில் கண்ணை மூட மாட்டாள். “சாரதாகிட்ட குடுத்தா பேங்க் லாக்கர்ல வச்ச மாதிரி” என்பார் கீழ்வீட்டு கோபாலசாமி அங்கிள். அதைக் கேட்கும்போது மட்டும் சாரதாவுக்குத் தன் பயத்தின்மீதே கொஞ்சம் மரியாதை வரும்.

தொண்ணூற்றொன்பது தை மாதம், அண்ணன் கிட்டுசாமியின் மகள் கல்யாணத்துக்காக அவள் ஈரோட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் பில்டிங் ஜெஸ்மி ஒரு ஜிப்லாக் பையோடு வந்து நின்றாள்.

ஜெஸ்மி நாகர்கோவில்காரி. மருந்துக் கம்பெனி லேபில் வேலை. போன வருடம் அவளுடைய அம்மா ஞானம் டீச்சர் இறந்துபோனார். கிரீன் கார்டு பேப்பர்கள் பாதியில் நின்ற நேரம் அது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்று லாயர் சொல்லிவிட்டார். அடக்கப் பூசையை ஜெஸ்மி போனில்தான் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு அன்று சாரதாவின் மடியில் படுத்து அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. அம்மாவின் பொருள் என்று பிறகு அவள் கைக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். மெல்லிசாக ஒரு தங்கச் சங்கிலி, அதில் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிலுவை.

டீச்சர் அந்தக் காலத்தில் சீட்டுப் போட்டு வாங்கியது. அவருக்கும் எதற்கெடுத்தாலும் பயம். மழை இருட்டினால், பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால், ஜெஸ்மி பள்ளிக்கூடம் விட்டு வரத் தாமதமானால், சிலுவையைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார். அத்தனை வருடப் பயமும் அந்தச் சிலுவையில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

“கொக்கி மட்டும் விட்டுப்போச்சுக்கா. பத்த வச்சுக் குடுத்தாப் போதும். பாலிஷ் கீலிஷ் போட்டு இந்தப் பல்லுத்தடத்த அழிச்சிர வேண்டாம்னு சொல்லுங்க.”

“இங்க எடிசன்ல நம்மூர் நகைக்கடைல குடுத்துப் பாக்கலையா?”

“போனேன்க்கா. ‘முக்கால் பவுன்கூட இல்ல, தேஞ்சுபோச்சு, இதப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க’ன்னாங்க. மால்ல இருக்கிறவன் தொடவே மாட்டேன்னுட்டான். என் வீட்டுக்காரர் கிறிஸ்டோவும் அதையேதான் சொல்றாரு, ரிப்பேர் காசுக்குப் புதுசே வாங்கலாமாம். பயந்துபோய்த் தூக்கிட்டு வந்துட்டேன். உங்ககிட்டன்னா பயமில்ல.”

சாரதா அதை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் கைப்பைக்குள் கைவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே போனாள். அதுவரை பத்திரமாகத்தான் இருந்தது.

ஈரோட்டு வீட்டில் கல்யாணக் கூட்டம். அண்ணன் கிளம்பி நகைக்கடைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். சாரதா பையை அவரிடம் நீட்டினாள்.

“ஜெஸ்மின்னு சொன்னனுங்களே, அந்தப் புள்ளையோடதுங்ணா. கொஞ்சம் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லோணும். இருங், நானும் வர்றேன்.”

பல்தடத்தைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் சம்பந்தி வீட்டுப் பெண்கள். செத்துப்போன ஒரு டீச்சர் கடித்த கடியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள். கடையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முகம் கழுவி வருவதற்குள் அண்ணி ஒரு தலையணையைக் காட்டி, “செத்த சாஞ்சுக்க கண்ணு” என்றாள். விமானத்தில் விழித்துக்கிடந்த தூக்கமெல்லாம் சேர்ந்து அவளை அப்படியே அமுக்கிவிட்டது.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் எதிரே உட்கார்ந்து ஒரு சிவப்பு டப்பாவைத் திறந்து காட்டினார். பளபளவென்று, பழையது மாதிரியே ஒரு சங்கிலி. அதில் வழுவழுப்பான புதுச் சிலுவை.

“பாரு கண்ணு, எப்பிடி? பழசு தொட்டா அந்துபோற மாதிரி இருந்துது. சிலுவை வேற நைஞ்சு நசுங்கிக் கெடந்துது. அத என்னத்தப் பத்த வெக்கறது? போட்டுட்டுப் புதுசா எடுத்துட்டேன். ரெண்டு கிராம் சேத்தியே இருக்குது. அந்தப் புள்ளைகிட்டக் காசு கீசு வாங்கீராத. தூர தேசத்துல உனக்கு ஒத்தாசையா இருக்கறவ. அண்ணன் குடுத்த சீருன்னு சொல்லு.”

சாரதா டப்பாவை வாங்கி மூடினாள். மகள் கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரத்தில், முகம் தெரியாத பெண்ணுக்காகத் தன் கைக்காசைப் போட்டிருக்கிறார். இந்த மனுசரை என்னவென்று திட்டுவது?

“நல்லா இருக்குதுங்ணா” என்றாள். பின்வாசல் வழியாகப் போய் ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் எடையில்தான் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார். தராசை எடுத்து முன்னால் வைத்தார்.

“நீங்களே போட்டுப் பாத்துக்கங்கம்மா. அண்ணன் நம்ம பழைய கஸ்டமரு. தப்புப் பண்ணுவமுங்களா?”

“எடை இல்லீங்க. அந்தப் பழைய சிலுவை… அது எனக்குத் திருப்பி வேணும்.”

“அதெல்லாம் அப்பவே உருக்கறதுக்குப் போயிருச்சுங்களே. அதுல கல்லு கில்லு இருந்துதுங்களா?”

“இல்லீங்க. பல்லுத்தடம் இருந்துது.”

அவர் கணக்கு எழுதுகிறவரைப் பார்த்தார். கணக்கு எழுதுகிறவர் அவரைப் பார்த்தார். “அம்மாவுக்கு ஒரு கூல்டிரிங் சொல்லுப்பா” என்றார் கடைக்காரர், உண்மையான அக்கறையோடு. சாரதா அதைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

கல்யாணத்தில் அவள் என்ன சாப்பிட்டாள், யாரோடு பேசினாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. எஸ்டிடி பூத்துக்குப் போவாள், ஜெஸ்மியின் நம்பரைப் பாதி சுற்றுவாள், வைத்துவிடுவாள். ரஞ்சித்குமாரிடம் போனில் சொன்னபோது அவன், “தங்கம் கூடத்தானே வந்திருக்கு? இதுக்குப் போயி ஏன் அழற?” என்றான். அவனுக்கு விளங்க வைக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

திரும்பும்போது பத்திரத்துக்காகப் புதுச் சங்கிலியைத் தன் கழுத்திலேயே ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டாள். அட்லாண்டிக்குக்கு மேலே எங்கோ அந்த எண்ணம் வந்தது. தடம்தானே வேண்டும்? விமானத்தின் டாய்லெட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். சிலுவையை வாயில் வைத்து அழுத்திக் கடித்தாள். எடுத்துப் பார்த்தாள். தங்கம் பள்ளம் விழுந்திருந்தது. இன்னொரு கடி. பழசாகவே தெரிந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே சீ என்று ஆனது.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு பயம் இரண்டு மடங்காகிவிட்டது. ஜெஸ்மி கண்டுபிடித்தால்? கண்டுபிடிக்காமல் போனால்? அதற்குப் பிறகு நியூவார்க்கில் இறங்குகிறவரை அந்தச் சிலுவை தன் வாயில்தான் இருக்கிறது என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. பக்கத்து சீட் வெள்ளைக்காரப் பெரியவர், பாவம், அவள் பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்து மரியாதையாகத் தலையசைத்தார்.

வந்த அன்று மாலையே ஜெஸ்மி ஒரு டப்பர்வேர் டப்பாவில் ரசம் கொண்டுவந்துவிட்டாள். பயணக் களைப்பில் சாரதாக்கா சமைக்க வேண்டாமாம். சாரதா சிவப்பு டப்பாவை நீட்டினாள்.

“ஐயோ, செயின்லாம் எவ்ளோ பளிச்சுன்னு ஆக்கிட்டாங்க!” ஜெஸ்மி சிலுவையைக் கட்டைவிரலால் தடவினாள். பள்ளத்தில் விரல் நின்றது. கண் நிறைந்துவிட்டது. “இத அழிக்காம வச்சிருக்காங்கக்கா. எனக்கு இதான் பயமா இருந்துச்சு.” சிலுவையை உதட்டில் ஒற்றிக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சோபாவிலிருந்து ரஞ்சித்குமார் விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினான். விட்டிருக்கலாம். தங்கம் கூடுதலாகத்தான் இருக்கிறது, கொடுத்தவளும் சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் இல்லாத அம்மாவுக்கு ஒருத்தி தன் கண் முன்னால் முத்தம் கொடுப்பதைச் சாரதாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“ஜெஸ்மி, அது உங்க அம்மாவோடது இல்ல.”

எல்லாவற்றையும் கொட்டினாள். தூங்கிப்போனது, அண்ணன் மாற்றியது, கடைக்கு ஓடியது.

ஜெஸ்மி கழுத்திலிருந்த சிலுவையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அப்ப இந்தப் பல்லு?” என்று கேட்டாள்.

“என்னோடது. உனக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் கடிச்சேன்.”

ஜெஸ்மி சங்கிலியைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள். “அம்மா போனப்பவும் நான் பக்கத்துல இல்ல. இதையும் நான் இல்லாமலே உருக்கிட்டாங்க” என்றாள். பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடச் சாரதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமே வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

ரச டப்பா சாரதாவின் சமையல் மேடையிலேயே தங்கிவிட்டது. கழுவித் துடைத்து வைத்திருந்தாள். வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒருநாள் அதில் ரவா லட்டு போட்டாள். எந்த முகத்தோடு கொண்டுபோவது என்று மறுநாள் எடுத்துவிட்டாள். ஒருநாள் முறுக்கு. அதையும் ரஞ்சித்குமார்தான் தின்றான். அடுத்து ஊருக்குப் போகிற சண்முகப்ரியா, பார்சல் எப்படிக் கட்டுவது என்று யோசனை கேட்டு வந்தபோது சாரதா, “என்கிட்ட எதையும் கேக்காத” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம் பனிப்புயல் அடித்தது. தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, ரயில்கள் ஆங்காங்கே நிற்கின்றன என்று டிவியில் சொன்னார்கள். ரஞ்சித்குமாரின் பேஜருக்கு அனுப்பி அனுப்பிப் பார்த்தாள், பதில் இல்லை. பால்கனிக் கதவருகே நின்றாள். பார்க்கிங் லாட்டில் கார்களெல்லாம் வெள்ளை மேடுகளாகிவிட்டன. கடிக்க நகமே மிச்சமில்லாமல் சதையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர் பில்டிங்கிலிருந்து ஓர் உருவம் முழங்கால் பனியில் காலை இழுத்து இழுத்து வருவது தெரிந்தது. கதவு தட்டுகிற சத்தம். ஜெஸ்மி.

“ஜன்னல்ல பாத்தேன். அண்ணன் இன்னும் வரலையா?”

சாரதா இல்லை என்று தலையாட்டினாள். ஜெஸ்மி பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். சாரதாவின் விரலைப் பார்த்தாள். கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

“நகத்த விடுங்க, ரத்தம் வருது. இதக் கடிங்க.”

“வேண்டாம் ஜெஸ்மி. நான் தொடக் கூடாது.”

“எனக்கு உங்க மேல பயங்கரக் கோவம்க்கா. இதக் குப்பையில போடணும்னே எடுத்தேன். அப்பத்தான் லைட்ல வச்சு நல்லாப் பாத்தேன். ஏமாத்தறதுன்னா முன்பக்கம் ரெண்டு கடி போதுமே? நீங்க பின்னாடி, ஓரம், மேல வளையம் வரைக்கும் ஒரு எடம் விடாமக் கடிச்சு வச்சிருக்கீங்க. எங்கம்மா கடிக்கிறத நான் பாத்து வளந்தவ. இது பயத்துல கடிச்ச கடி.”

“உன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்… பிளேன் பூரா…”

“தெரியும்க்கா. எங்கம்மாவும் எனக்காகத்தான் கடிச்சா.”

சாரதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதோடு பார்க்கிங் லாட்டையும் பார்த்தாக வேண்டியிருந்தது. சிலுவையை வாயில் வைத்துக்கொண்டாள். இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கார் வெளிச்சம் ஒவ்வொன்றாக வந்து, வேறு யாரோ இறங்கிப் போனார்கள். கடைசியில், ஒற்றை ஹெட்லைட் மட்டும் எரிகிற பழைய டொயோட்டா ஊர்ந்து ஊர்ந்து உள்ளே திரும்பியது.

“அண்ணன்தான்” என்றாள் ஜெஸ்மி.

சாரதா சிலுவையை எடுத்து ஸ்வெட்டர் நுனியில் துடைத்தாள். ஜெஸ்மியைத் திரும்பி நிற்கச் சொல்லி, கூந்தலை ஒதுக்கி, சங்கிலியை மாட்டிவிட்டாள். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். போதாமல் இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.