மூச்சை நிறுத்தி எடுத்த படம்: வாடிப்பட்டி டு மதுரை, ஈரல் எம்ஆர்ஐக்காக ஒரு நாள்

முப்பது கிலோமீட்டர்கூட வராத பயணத்தை யாராவது எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். நான் எழுதியே தீருவேன். இந்த வருஷம், 2009 ஆடியில் ஒரு வியாழக்கிழமை, என் தங்கை சாந்தியின் வீட்டுக்காரர் முருகேசனை ஈரல் எம்ஆர்ஐ எடுக்க வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போனேன். ஈரலின் வலது பக்கம் கட்டி. புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது.

பக்கத்து நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் கட்டி புகுந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. புகாவிட்டால் கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் வெட்டி எடுத்தால் போதும். புகுந்திருந்தால் வலது ஈரலையே எடுக்க வேண்டும். மிச்சம் இருப்பது மாப்பிள்ளைக்குப் போதாது, அப்புறம் ஆபரேஷனே கிடையாது. வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றிருந்த சங்கதியை, புது மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐயில் முன்பே ஓரளவு ஊகிக்கலாமாம். கப்பலூர் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் எனக்கு மெஷின் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், சத்தியமாகச் சொல்கிறேன், முந்தின ராத்திரி தூக்கமே வரவில்லை.

காலை 6.40க்கு பஸ், டிக்கெட் ஒன்பது ரூபாய். மூச்சை வெளியே விட்டுவிட்டு இருபது விநாடி அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாக விழும் என்பதால், கூட வந்த சாந்தி வழி நெடுக வாட்சைப் பார்த்து அவரைப் பழக்கினாள். நானும் சேர்ந்து மூச்சைப் பிடித்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

7.35க்கு ஆரப்பாளையம். ஆட்டோக்காரரிடம், "எம்புட்டுண்ணே?" என்றேன்.

"நாப்பது குடுங்க. ஸ்கேனுக்குன்னா குலுங்காமப் போறேன்," என்றார். சொன்னபடியே போனார்.

எட்டரைக்கு உள்ளே அழைத்தார்கள். நகை, வாட்ச், சாவி எல்லாம் எடுத்தாச்சா என்று டெக்னீஷியன் அம்மா கேட்டதற்கு, எடுத்தாச்சு என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். ஐந்தே நிமிடத்தில் மெஷின் நின்றது. முதல் படத்தில் ஈரலின் கீழ்ப்பாதியைக் கருப்பு விழுங்கியிருந்தது.

அங்கிக்குள்ளே அரைஞாண் கயிறு! அதில் ஒரு தாயத்து, அதற்குள் இருந்த ஏதோ உலோகம்தான் படத்தைக் கெடுத்திருக்கிறது. பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடப்பதை எவன் நகைக் கணக்கில் சேர்ப்பான்? முடிச்சு இறுகிக் கிடந்ததால் வெட்டத்தான் வேண்டும் என்றார் அந்த அம்மா. மாப்பிள்ளை இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான். ஆளு போன பெறகுதான் இதை அறுப்பாக. வெறும் இடுப்போட நான் உள்ள போக மாட்டேன்."

"கால் மணி நேரம்தான் காத்திருக்க முடியும். அடுத்த ஆள் வந்துருவாங்க," என்றார் அந்த அம்மா. வெளியூரிலிருந்து வியாழக்கிழமை மட்டும் வரும் சர்ஜன் சாயங்காலம் படத்தைப் பார்த்தாக வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. சாந்திதான் நிதானமாக இருந்தாள்.

"அண்ணே, நூல் கயிறு ஒண்ணு வாங்கிட்டு ஓடியா. புதுசைக் கட்டிட்டுப் பழசை வெட்டுவோம். இடுப்பு வெறுமையா இருக்காதுல்ல."

எதிர்ச்சாரியில் ஒரு ஃபேன்சி கடை. பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கயிற்றை நீட்டி, "காசு பெறகு பார்த்துக்கலாம், ஓடுங்க. நான் துஆ செய்றேன்," என்றார். சாந்தியே கட்டினாள், சாந்தியே பழசை வெட்டினாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். அடுத்து வந்த படம் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி.

நாலு மணிக்கு சர்ஜன் அதைத் திரையில் காட்டினார். கட்டியின் ஓரம் வழவழவென்று வட்டமாக இருந்தது. ஓரம் கரடுமுரடாக இருந்தால்தான் சந்தேகமாம். "படம் நல்லதாச் சொல்லுது. ஆனா இது ஊகம்தான். வெட்டி எடுத்து லேப்ல பார்த்தாத்தான் உறுதி," என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

போகிறவர்களுக்கு: பழைய ஸ்கேன் படங்களையும் கிட்னி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டுபோங்கள். சாப்பிடாமல் வரச் சொன்னால் காபிகூடக் கூடாது. அரைஞாணை வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். மூச்சுப் பழக்கத்தை ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள்.

ஆபரேஷன் முடிந்து நேற்று லேப் ரிப்போர்ட் வந்தது. சாந்தி இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு வரியில் விரலை வைத்து மூன்று தடவை வாசித்தாள்.

"ரத்தக் குழாய்ல ஏறலைன்னு போட்டுருக்குண்ணே. நீயும் ஒருக்கா வாசி."

வாசிக்க ஆரம்பித்தேன். பாதியில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது, மீதியை மாப்பிள்ளைதான் படுக்கையிலிருந்தே வாசித்தார்.