ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு சுவர்

கடவுளுக்கே கெடு வைத்த பெண் ஒருத்தி இருந்தாள். தெருவில் எல்லாருக்கும் அவள் சில்லு. டைல்ஸைச் சின்னச் சின்னச் சில்லுகளாக வெட்டி ஒட்டி, சுவரில் மீனையும் மயிலையும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவள் வேலை. கை அவ்வளவு பொறுமையானது. ஆனால் மனசு? பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கும். பால் பொங்குவதற்குள் அடுப்பை நாலு தடவை எட்டிப் பார்க்கிற ரகம்.

அந்த வருஷம் ஊரில் புதுக் கட்டடமே எழும்பவில்லை. கட்டியவர்களும் வெறும் சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டார்கள். சில்லு வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். தினமும் காலையில் பிரார்த்தனை என்ற பெயரில் கடவுளோடு ஒரு சண்டை நடக்கும்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள எனக்கு ஒரு சுவரைக் காட்டு. இல்லேன்னா அண்ணி கடைக்குப் போயிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது, ஆமா!"

அண்ணி என்றது கணவனின் அக்காவை. பெரிய டைல்ஸ் கடையில் மேலாளர். "சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்காதே, நம்ம கடைக்கு வா, வர்றவங்களுக்கு டைல்ஸ் எடுத்துக் காட்டு" என்று பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். சண்டைச் சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"லிஃப்ட் பட்டனைப் பத்து தடவை அமுக்கினா சீக்கிரம் வந்துடுமா? ஒரு தடவை அமுக்கினாப் போதும். அது வர்ற நேரத்துக்குத்தான் வரும்."

"உங்க லிஃப்ட் பாதியில நிக்கறதும் எனக்குத் தெரியும்" என்றாள் சில்லு.

சும்மா இருக்க மாட்டாத கை ஒன்று இருக்கிறதே, அது கேட்குமா? யாரும் கேட்காமலே, கூடத்துத் தரை முழுக்கப் பழுப்புத்தாள்களை விரித்து ஓர் ஒட்டகச்சிவிங்கியைத் தொடங்கிவிட்டாள். கழுத்தை வளைத்து, கீழே யாரையோ குனிந்து பார்க்கிற ஒட்டகச்சிவிங்கி. வாடிக்கையாளர் வேலை என்றால் நாளை எண்ணிச் செய்ய வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. கண் இமை ஒன்றையே திரும்பத் திரும்பப் பிரித்து ஒட்டினாள். வீட்டுக்குள் நடக்க வழியில்லாமல் கணவன் சுவரோரமாக நண்டு மாதிரி பக்கவாட்டில் போய் வந்தான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. சில்லுகளை முகம் கவிழ்த்துத் தாளில் ஒட்டுவார்கள். நமக்குத் தெரிவது வெறும் வெள்ளை முதுகுகள். பிறகு சுவரில் சிமென்ட் பூசி, தாளோடு சேர்த்து அழுத்தி, தாளை நனைத்து உரித்தால்தான் படம் தெரியும். அதுவரை செய்தவளுக்கே அதன் முகம் தெரியாது. இதில் வலது இடதாகிவிடும் என்பதால் படத்தைத் திருப்பி வரைந்துகொண்டுதான் ஒட்டவே தொடங்க வேண்டும். கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது.

அந்த முதல் நாள் பாடத்தைத்தான் சில்லு மறந்திருந்தாள். கடைசிச் சில்லை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. வலது பக்கம் பார்க்க வேண்டிய ஒட்டகச்சிவிங்கி, சுவரில் ஏறினால் இடது பக்கம் பார்க்கும். தலையில் கை வைத்துக்கொண்டாள். தப்பு செய்ததைவிட, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே" என்று திட்டுவதற்குக்கூட ஒரு வாடிக்கையாளர் இல்லையே என்றுதான் அதிகம் வலித்தது.

மாசக் கடைசி வந்தது, போனது. சுவர் வரவில்லை.

சில்லு சொன்ன சொல் தவறாதவள். கடைச் சீருடையான நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணியின் கடையில் போய் நின்றாள். "நான் வந்துட்டேன், உனக்குத் திருப்திதானே?" என்று மேலே பார்த்து ஒரு முறை முறைத்தாள்.

முதல் வாடிக்கையாளராக வந்தவர், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் தலைமை நர்ஸ். நல்ல உயரம், வேகமான நடை.

"ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போற வழியில ஒரு சுவர் இருக்கும்மா. வார்டுல சிரிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளை, அந்த வழியில தள்ளிட்டுப் போகும்போது கத்த ஆரம்பிச்சுடும். பாக்கறதுக்கு ஏதாவது வேணும். பூனை, நாய் போட்ட டைல்ஸ் இருந்தா காட்டுங்க."

சில்லு ஓரடி முன்னால் வந்தாள். "சுவர் எவ்வளவு நீளம் சிஸ்டர்?"

சொன்னார். கூடத்துத் தரையைவிட ஒரு கை அகலம்தான் கூடுதல்.

"சுவரைப் பாத்து நின்னா, தியேட்டர் கதவு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். பிள்ளைங்க இடது பக்கத்திலேருந்து வருவாங்க. ஏன்?"

ஏனா? திருத்தமாகச் செய்திருந்தால் அந்த ஒட்டகச்சிவிங்கி தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் வாலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும்! இப்போது கழுத்தை வளைத்து, வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் நேராகக் குனிந்து பார்க்கும்.

"சிஸ்டர், இங்க ஒண்ணும் வாங்காதீங்க!" என்று கத்தியேவிட்டாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணி கல்லாவிலிருந்து ஓடி வந்தாள். "அடிப்பாவி! வேலைக்கு வந்த மொத நாளே வந்தவங்களை விரட்டறியா?"

"அண்ணி, சும்மா இருங்க, அண்ணி! என் சுவர் வந்துடுச்சு!" என்று சொல்லிவிட்டு, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அண்ணி திருதிருவென விழித்தாள். பிறகு தானும் பின்னாலேயே கிளம்பினாள். என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா?

வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்த நர்ஸின் முகம் சுருங்கியது. தரை முழுக்க வெள்ளை முதுகுகள்.

"இதுல ஒட்டகச்சிவிங்கி எங்கே?"

"அடியில இருக்கு சிஸ்டர். இப்பத் திருப்பினாலும் தாள்தான் தெரியும். சுவர்ல ஏத்தித் தாளை உரிச்சாத்தான் படம் வரும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

சில்லுவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நானும் இன்னும் பாக்கல."

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதைத் தாண்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இவ்வளவு தூரம் வந்த சுவர் இப்படியே திரும்பிப் போய்விடுமோ?

நர்ஸ் மெல்ல எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தியேட்டர் கதவை மூடினதும் வெளியில நிக்கிற அப்பா அம்மாகிட்ட, உள்ளே நல்லதுதான் நடக்குது, நம்புங்கன்னு தினமும் சொல்றவ நான். எனக்கு மட்டும் எல்லாம் கண்ணுல பாத்தாத்தானா? எடுத்துட்டு வாங்க."

சில்லு தலைகால் புரியாமல் குதித்தாள். அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதில் அண்ணியின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

விடுமுறை நாளில் அந்த நடைவழியை அடைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். கணவன் சிமென்ட் குழைத்தான், அண்ணி தாள்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தாள், சில்லு சுவரில் வைத்து அழுத்தினாள். தாளை நனைத்தாயிற்று. இனி பசை ஊறி இளகும்வரை காத்திருக்க வேண்டும். சில்லுவால் முடியுமா? கை நமநமவென்றது. ஒரு மூலையை மெதுவாக இழுத்தாள். காதுச் சில்லு ஒன்று தாளோடு வந்துவிட்டது.

அண்ணி அவள் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். "ஊறட்டும்டி!"

சில்லு காதுச் சில்லைப் பழைய இடத்தில் பதித்துவிட்டு, இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு எழுந்து இழுத்தபோது தாள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மஞ்சள், பழுப்பு, இமை, கண்! நனைந்த அந்தப் பெரிய கண் அவளையே பார்த்தது. சில்லு "ஐயோ" என்றாள். கண்ணீர் வந்தது, சிரிப்போடு.

மறுநாள் காலையில் சில்லு இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தள்ளுவண்டியில் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டே வந்தவள், சுவரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, அது என்னையே பாக்குதும்மா." பிறகு சில்லுவிடம், "மூக்கைத் தொடட்டுமா?"

"இன்னும் ஈரமா இருக்கே, கண்ணு. திரும்பி வரும்போது தொடலாம்."

"நான் வர்ற வரைக்கும் இங்கயே இருக்குமா?"

"இருக்கும் கண்ணு. உனக்காகத்தான் இவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருந்துச்சு."

குழந்தையைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், அது அத்தனையும் உண்மை என்பது சில்லுவுக்கே உறைத்தது. துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

சிறுமி அம்மாவின் விரலை விட்டுவிட்டு ஒட்டகச்சிவிங்கிக்குக் கையாட்டினாள். பிறகு வண்டி தள்ளுகிறவரைத் திரும்பிப் பார்த்து, "சரி, போலாம்" என்றாள்.